ஓரகத்தியின் ட்யூப்

என் ஓரகத்தியை இந்த லேப்ல சேர்த்துவிட்டதே நான்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி மாமியார் கேட்டாங்க, "சின்னவ இவ்வளவு படிச்சுட்டு வீட்டுல சும்மா இருக்கா, உங்க இடத்துல ஏதாவது பாரேன்"னு. நானும் பெரிய மனசு பண்ணி மேடம்கிட்ட பேசினேன். மேடம்தான் எங்க லேபுக்குத் தலைவி. இப்ப என்னடான்னா, வீட்டுலயும் அவ புராணம், லேப்லயும் அவ புராணம்.

எங்க வேலை ஒரு புரதம் பத்தினது. செல்லுக்குள்ள ஆர்என்ஏ இழைகள் அதுங்க வேலை முடிஞ்சதும் குப்பையாயிடும். அதை நறுக்கித் தள்ள நம்ம உடம்புல இருக்கிற புரதம் அது. மனுஷங்ககிட்ட இருந்து தேவையான அளவு எடுக்க முடியாது. அதனால அதுக்கான ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வச்சு, குடுவை குடுவையா வளர்த்து, உடைச்சு, வடிகட்டிப் பிரிச்செடுப்போம். மூணு வருஷமா இதுல குப்பை கொட்றேன். என் புரதம் பளிச்சுன்னு சுத்தமா வரும். ஆனா ஆர்என்ஏவைக் கொண்டு போய் முன்னாடி வச்சா, மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஒரு துரும்பை அசைக்காது.

போன வாரம் சின்னவளோட ட்யூப் பத்தே நிமிஷத்துல மொத்த ஆர்என்ஏவையும் நறுக்கிடுச்சு. மேடம் அவ தோள்ல தட்டினாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. இதை மறைச்சு என்ன ஆகப் போகுது, பொறாமைதான். வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிஞ்ச கையோட நல்ல புரதம் இன்னொரு ஊர் லேபுக்குப் போகணும். யார் பண்ணின புரதம் போகுதோ அவங்க பேர்தான் ஆராய்ச்சிக் கட்டுரையில முதல்ல வரும். மூணு வருஷம் நான் மாவாட்ட, தோசையை இவ திங்கிறதா?

எங்க லேப்ல ஒரு விதி உண்டு. நம்ம கைத்தோல்லயே ஆர்என்ஏவைத் தின்னுடற சரக்கு இருக்கு. கை பட்டுச்சுன்னா வெறும் தண்ணிகூட நறுக்கும், நாமளும் புரதம்தான் நறுக்குதுன்னு நம்பி ஏமாந்துடுவோம். அதனால சந்தேகம் வந்த ட்யூப் நேரா ப்ளீச்சுக்குள்ள போயிடணும். யாரோடதுன்னு கேள்வியே கிடையாது. கேட்டா ஆளாளுக்குக் கெஞ்சுவாங்க. விதியைப் போட்டது நான். ஃப்ரீசர் பொறுப்பும் என்னோடது.

வெள்ளிக்கிழமை காலையில பார்த்தேன். எல்லாரும் வெறுங்கையால தொடுற கதவுப் பிடியைக் கையுறை போட்ட கையால திருகித் திறந்துட்டு வந்தா. அதே கையால ஒரு ட்யூபைத் திறந்தா. மாட்டினியான்னு நினைச்சேன். அவ அந்தப் பக்கம் போனதும் ஃப்ரீசரைத் திறந்தேன். அவ பெட்டியில மூணு ட்யூப். அவ திறந்தது ஒண்ணுதான். நான் மூணையும் ப்ளீச்சுல ஊத்தினேன்.

மீட்டிங்ல அவ எழுந்து முதல் வார்த்தையே இப்படிச் சொன்னா: "மேடம், இந்தப் புரதம் நான் பண்ணினது இல்ல. அக்கா பண்ணினது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"போன மாசம் அக்கா வேஸ்ட்னு ஒதுக்கினதுதான். ஆர்என்ஏ கெடக் கூடாதுன்னு அக்கா எல்லாத்துலயும் இடிடிஏ ரசாயனம் கலப்பாங்க. அது உலோகத்தைப் பிடிச்சு வச்சுக்கும். இந்தப் புரதத்துக்கு மெக்னீசியம் இல்லாம முடியாதே. நான் இடிடிஏவை மட்டும் வடிச்சுட்டு மெக்னீசியம் போட்டேன். அவ்வளவுதான்." என் பக்கம் திரும்பினா. "முன்னாடியே சொல்லியிருப்பேன்க்கா. சரிவரலைன்னா திரும்பவும் உங்க மனசு ஒடிஞ்சிடுமேன்னு பயம்."

மேடம் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. "அப்ப முதல் பேர் உன்னோடதுதான்." சின்னவ பக்கம் திரும்பினாங்க. "இருக்கிறது அந்த மூணு ட்யூப்தானே? எடுத்துட்டு வா, வண்டி வந்துடும்."

அவ போனா. திரும்பி வரும்போது கையில வெறும் பெட்டி. என் பக்கத்துல வந்து நின்னா. என் கையில ப்ளீச் நாத்தம் இன்னும் போகல. அவளுக்குப் புரிஞ்சிடுச்சு.

"மன்னிச்சுடுங்க மேடம். காலையில கை தவறிக் கீழ போட்டுட்டேன். மூணும் போச்சு."

மேடம் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. "ட்யூபைப் பிடிக்கத் தெரியாதவளுக்கு ஃப்ரீசர்ல என்ன வேலை? அவ மூணு வருஷ உழைப்பு அது. திரும்பப் பண்ண எத்தனை மாசம் ஆகும் தெரியுமா?" சின்னவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா.

நான் வாயைத் திறக்காம இருந்தா போதும். பேர் எனக்கு, திட்டு அவளுக்கு. எட்டு மாசமா நான் ஆசைப்பட்டதும் இதுதானே. ஆனா இனிமே தினம் சாப்பாட்டு மேஜையில எனக்கு எதிர்ல இவ உட்காருவா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. ஆயுசு முழுக்க இவதான் நல்லவ. அந்தப் பேரையும் இவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரல.

"அவ போடல மேடம்"னு சொன்னேன். "நான்தான் ப்ளீச்சுல ஊத்தினேன். ஒண்ணுல கை பட்டதைப் பார்த்தேன், அது விதி. மத்த ரெண்டும் பொறாமையில."

சின்னவ என் பக்கத்துல உட்கார்ந்து மேஜைக்குக் கீழ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "எல்லார் முன்னாடியும் ஒத்துக்க உங்க மனசு யாருக்கு வரும்க்கா"ன்னு கிசுகிசுத்தா.

அந்தக் கையை உதறணும் போல இருந்துச்சு.