உள்ளே வைத்த பொட்டு

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொட வேண்டும் என்று பொற்கொடி காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கோவிந்தன் அதைக் காதில் வாங்காமல், தரையில் குந்தி உட்கார்ந்து கிதாருக்கு எதிரொலி தருகிற எக்கோ பெடலின் மூடியைத் திருகி முடுக்கிக்கொண்டிருந்தான். மூடியெல்லாம் ஈரச் சந்தனம். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. கிதார், டெஸ்டர், சால்டரிங் கம்பி, அவளுடைய தையல் மெஷின், அவனுடைய பைக் என்று வீட்டில் வேலை செய்கிற எதையும் அவள் விடவில்லை. எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"பாட்டுக்காரனுக்கு இன்னிக்குத்தான பொழப்பு. சரஸ்வதிக்கு அது தெரியாதா?" என்றான்.

"சரஸ்வதிக்குத் தெரியும். உங்களுக்குத்தான் ஒரு நாளு அதத் தொடாம இருக்கத் தெரியல."

அது உண்மைதான். மழைக்காலம் முழுக்க அவன் அந்தப் பெட்டியோடுதான் குடும்பம் நடத்தினான். முந்தின இரவும் மூடியைக் கழற்றிப்போட்டுவிட்டு, சரிவராமல், அப்படியே பூஜை அலமாரி முன்னால் வைத்துவிட்டுப் படுத்திருந்தான். காலையில் மூடி பெட்டியின் மேல் சாத்தியிருந்தது; உள்ளே பார்க்காமல் திருக ஆரம்பித்துவிட்டான்.

கோவிந்தன் சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். லீவு நாட்களில் ரத்தினவேலின் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பான். ரத்தினவேல்தான் குழுவை நடத்துகிறவர், கீபோர்டும் அவரே. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவர். போன மாதம் பெங்களூரிலிருந்து புதுக் கீபோர்டு ஒன்று வாங்கிவந்தார். புல்லாங்குழல், வயலின், தவில், கிதார் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. முதலில் புல்லாங்குழல்காரரை நிறுத்தினார். பிறகு ஒத்திகையில் கிதார் பட்டனை அழுத்தி வாசித்துக் காட்டிவிட்டு, கோவிந்தன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஏ கோவிந்தா, ஆயுத பூஜை புரோகிராம்ல அந்தப் பழைய பாட்டுக்கு இடையிசைய நீயே வாசி. ரெக்கார்டுல கேக்க மாதிரி வந்துட்டுன்னா நீ இரி. வரலன்னா இதுலயே ஓட்டிருவோம். கோவிச்சுக்கிடாத."

அவர் சொன்ன பாட்டு எழுபதுகளில் வந்தது. முதல் சரணம் முடிந்ததும் கிதார் மட்டும் தனியாக ஒலிக்கும். வாசிப்பு அப்படியொன்றும் கஷ்டமில்லை. விரல் பழகிய யாரும் வாசித்துவிடலாம். கஷ்டம், கோவிந்தன் மழைக்காலம் முழுக்கத் தேடிய அந்தச் சத்தத்தில் இருந்தது. ஒவ்வொரு சுரமும் விழுந்த இடத்திலேயே நிற்காமல், கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்க்கும். அது டேப் எக்கோ.

டேப் எக்கோ என்பது யோசித்துப் பார்த்தால் எளிமையான தந்திரம். பொற்கொடிக்கு அதை விளக்க, அவள் தலைக்குக் கட்டும் ரிப்பனையே முடிச்சுப் போட்டு வளையமாக்கி, இரண்டு டம்ளர்களைச் சுற்றி மாட்டி ஓட்டிக் காட்டியிருந்தான். ஒலிநாடா இப்படி ஓயாமல் சுற்றும். ஒரு முனை அதில் சத்தத்தை எழுதும். கொஞ்சம் தள்ளியிருக்கிற இன்னொரு முனை அதைப் படிக்கும். எழுதிய இடம் நகர்ந்து படிக்கிற இடத்துக்கு வர ஆகிற நேரம்தான் எதிரொலிக்கு ஆகிற நேரம். படித்ததில் கொஞ்சத்தை மறுபடியும் எழுதக் கொடுத்தால், நகலுக்கு நகல், அதற்கு ஒரு நகல். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து மங்குகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் சத்தத்தின் கூர்மை மழுங்கும். அதோடு, நாடாவை இழுக்கிற மோட்டார் ஒரே சீராகச் சுற்றாது. உருளை தேய்ந்திருக்கும், நாடாவின் ஒட்டு தடுக்கும். அப்போது சுருதி ஒரு மயிரிழை இறங்கி ஏறும். மெஷினைப் பொறுத்தவரை அது கோளாறு. பாட்டில் அதுதான் உயிர்.

நாடா சுற்றும் அந்தப் பழைய மெஷினை ஓசூரில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதைப் போலவே ஒலிக்கிற பெடல்கள் வெளிநாட்டில் வருகின்றன என்று கோவிந்தன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டான். படத்தைப் பார்த்தான். பிறகு பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து, கரோக்கே பெட்டிகளில் வருகிற எக்கோ ஐ.சி. சிப் ஒன்றை வாங்கிவந்து, சுவரில் பதிக்கிற இரும்பு சுவிட்ச் பாக்ஸுக்குள் வைத்துத் தானே ஒன்று செய்தான். மெஷின்களுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டில் மீந்ததை அதற்கு அடித்தான். ஐ.சி.க்குள் நாடா கிடையாது. சத்தத்தைத் துண்டு துண்டாக வாங்கி வரிசையாக அடுக்கி, மறுமுனையில் எடுத்துத் தரும். எவ்வளவு வேகமாக அடுக்க வேண்டும் என்பதை அதன் கம்பிக் கால்களில் ஒன்றோடு சேர்த்த ஒரே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, தீர்மானிக்கும்.

எதிரொலி வந்தது. மழுங்கலும் வந்தது. அந்தத் தள்ளாட்டம் மட்டும் வரவில்லை. ரெசிஸ்டரின் அளவை ஆட்டிவிட ஒரு சின்ன சர்க்யூட் போட்டுப் பார்த்தான். ஆடியது, ஆனால் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரே அளவில் ஆடியது. வேகத்தைக் குறைத்தால் ஊஞ்சல் மாதிரி இருந்தது. நிஜமான நாடா எப்போது தடுமாறும் என்று அதற்கே தெரியாது. தெரிந்தே தடுமாறுகிற ஒன்றைத்தான் அவனால் செய்ய முடிந்தது. வேலையில் எந்த மோட்டார் ஆடினாலும் நிறுத்திக் காட்டுகிறவனுக்கு, ஒன்றைத் தாறுமாறாக ஆட வைக்கத் தெரியவில்லை. மழைக்காலம் அந்த எரிச்சலிலேயே போனது.

நிகழ்ச்சி பொற்கொடி வேலை பார்க்கிற ஒயரிங் கம்பெனியில்தான். கார்களுக்கான ஒயர்க் கட்டுகளைச் செய்கிற இடம். மத்தியானம் அவர்கள் போனபோது ஷெட் முழுக்க மாவிலை, வாழைக்கன்று, பொரி மூட்டை. ஒயர் முனைகளை அழுத்துகிற மெஷின்கள் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. மேடைக்கு அருகில் சவுண்ட் சர்வீஸ் ஆஞ்சப்பன் ஸ்பீக்கர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கெலமங்கலத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபத்தில் கன்னடம். அவனுடைய மிக்ஸரில் எக்கோ என்று ஒரு பட்டன் உண்டு. அது எப்போதும் பாதிக்கு மேல் திருகியே இருக்கும். பாடகர்களுக்கு அது இல்லாமல் தொண்டை திறக்காது என்பது அவன் கட்சி.

"கிதாருக்கு மட்டும் உன் எக்கோவ எடுத்துடு ஆஞ்சப்பா. எங்கிட்டயே இருக்குது. ரெண்டும் சேந்தா சேறாயிடும்."

"ஒருத்தருக்கு எடுத்தா எல்லாருக்கும் போயிடும் குரு. ஒரே பட்டன்தான். பாடற வீரலட்சுமி மேடம் என்னைத் தின்னுடும்."

கோவிந்தன் ஒயரைச் சொருகி, சுவிட்சைக் காலால் அழுத்தி, ஒரு சுரத்தை மீட்டினான்.

கை அப்படியே நின்றுவிட்டது. சுரம் போய்த் திரும்பி வந்தது. வரும்போது லேசாகச் சாய்ந்து வந்தது. அடுத்தமுறை நிமிர்ந்தது. அதற்கடுத்து, வரப்பில் நடக்கிறவன் கால் பிசகிச் சமாளிப்பது போல ஒரு தடுக்கல். இரண்டு முறை ஒரே மாதிரி வரவில்லை. ஆஞ்சப்பனின் எக்கோவையும் மீறி அது தெரிந்தது. கோவிந்தன் இடையிசை முழுவதையும் வாசித்தான். மறுபடியும் வாசித்தான். கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்த பொற்கொடி எழுந்து, செம்மண் கையோடு நின்று கேட்டாள். அவளுக்கு இசை தெரியாது. ஆனால் அந்த ரெக்கார்டை அவன் போட்டுப் போட்டு அவளுக்கு அது மனப்பாடம்.

"வந்துடுச்சுங்களா?" என்றாள்.

"மோட்டார் கெட்டுப்போன மாரி கேக்குது," என்றான் ஆஞ்சப்பன். தனக்கே தெரியாமல் அவன் சொன்ன அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

ரத்தினவேல் வரும்வரை இது நிலைக்க வேண்டுமே என்ற பயம் கோவிந்தனுக்கு அப்போதே வந்தது. காரணம் தெரியாமல் சரியாகிற எதையும் அவன் நம்புவதில்லை. பயந்தது சரியாகவே போயிற்று. தகர ஷெட்டின் வெக்கையில் நேரம் போகப்போகத் தள்ளாட்டம் குறைந்தது. குழுவின் வேன் கேட்டுக்குள் நுழைந்தபோது எதிரொலி பழையபடி விறைப்பாகி, வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி வந்துபோனது.

மேடைக்குப் பின்னால் போய் மூடியைக் கழற்றினான். உள்ளே, ஐ.சி.யின் முதுகில், கால்கள் மேல் வழிந்து ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது.

பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. ஈரச் சந்தனத்தில் கொஞ்சம் மின்சாரம் கசியும். ரெசிஸ்டரைத் தவிர இன்னொரு வழி, சேற்றுவழி, அந்தக் காலுக்குக் கிடைத்திருக்கிறது. ஈரம் காயக் காய, நகர நகர, அந்த வழி அகன்றும் குறுகியும் இருந்திருக்கிறது. அதனால்தான் கணக்கில்லாத தள்ளாட்டம். மழைக்காலம் முழுக்க அவன் தேடியதை ஒரு பொட்டு செய்துவிட்டு, இப்போது காய்ந்துபோயிருக்கிறது.

பொற்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஒளிக்கவில்லை.

"எங்க கம்பெனில கரண்டுப் பேனல் கதவத் தொறந்து உள்ளாறயும் வெப்பாங்க. நீங்கதான சொன்னீங்க, இதுதான் உசுரு, மத்ததெல்லாம் சும்மா பொட்டின்னு. உசுருக்கு வெக்காம பொட்டிக்கு மட்டும் வெச்சா எப்பிடி?"

"கரண்டு போற எடத்துல ஈரத்த வெப்பாங்களா? எந்தப் பேனல்லயும் உள்ள வெக்காதீங்கன்னு வருசா வருசம் கத்தறவன் நான். என் வூட்லயே..."

"கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போயிருந்தால் திட்டியிருக்கலாம். சரியாகி, பிறகு இல்லாமல் போனதற்கு யாரைத் திட்டுவது? எத்தனை ரெசிஸ்டர் மாற்றினான், எத்தனை முறை எஸ்.பி. ரோட்டுக்குப் போனான், எல்லாம் வாய்வரை வந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"நனைச்சா மறுக்கா வராதா?"

"அதெல்லாம் அளவு தெரியாம வெக்கக் கூடாது. எவ்ளோ ஈரம், எவ்ளோ சந்தனம், ஒண்ணும் தெரியாது. அளக்க முடியாதத..."

"காலைல நான் அளந்தா வெச்சேன்?"

அவள் போய் மெஷின்களுக்கு வைத்து மீந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டாள்.

மேடையிலிருந்து ரத்தினவேலின் குரல் கேட்டது. கோவிந்தன் மோதிர விரலால் கொஞ்சம் தொட்டு, காய்ந்த பொட்டின் மேல் வைத்தான். காலையில் அவள் வைத்தது எவ்வளவு கெட்டி? தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தான். பிறகு கூடிவிட்டதோ என்று பட்டது. துடைக்க நேரமில்லை. பொட்டைத் துடைக்கவும் மனசு வரவில்லை. மூடியை வைத்து ஒரே ஒரு திருகை மட்டும் முடுக்கிக்கொண்டு மேடை ஏறினான்.

முதலில் சாமி பாட்டுகள். அவற்றில் அவனுக்கு வேலையில்லை. கிதார் வர வேண்டிய ஓரிரு இடங்களையும் ரத்தினவேல் கீபோர்டிலேயே போகிறபோக்கில் வாசித்துவிட்டார். அது சுத்தமாக இருந்தது. பிசிறே இல்லை. சபையில் யாரும் கோவிந்தன் பக்கம் திரும்பவில்லை. காலடியில் ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே நினைப்பில் அவன் உட்கார்ந்திருந்தான்.

பழைய பாட்டு தொடங்கியது. வீரலட்சுமி முதல் சரணத்தைப் பாடி முடித்து மைக்கைத் தாழ்த்தினாள். ரத்தினவேல் கீபோர்டிலிருந்து கையை எடுத்து அவனைப் பார்த்தார்.

கோவிந்தன் சுவிட்சை அழுத்தி வாசித்தான். வந்தது. மத்தியானம் வந்ததைவிடக் கூடுதலாகவே சாய்ந்தது, தடுக்கியது, நிமிர்ந்தது. பொரி தின்றுகொண்டிருந்த முன்வரிசை ஆட்களின் கைகள் மெதுவாயின. ரத்தினவேலின் புருவம் ஏறியது. ரெக்கார்டில் கேட்ட அதே வளைவு, தகர ஷெட்டில், பச்சைப் பெயின்ட் அடித்த சுவிட்ச் பாக்ஸிலிருந்து. கடைசிச் சுரத்தை மீட்டிவிட்டுக் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்தினான்.

அந்தச் சுரம் நாலைந்து முறை திரும்பிவந்து அடங்க வேண்டும். அடங்கவில்லை. ஈரம் பக்கத்துக் காலுக்கும் வழிந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. படித்ததில் எவ்வளவு திரும்ப எழுதப்பட வேண்டும் என்று காவல் காக்கிற இடம் அது. இப்போது காவல் இல்லை. வந்த சுரம் முழுசாகத் திரும்பப் போய் மறுபடி வந்தது. இரண்டாவது சரணத்துக்கு மைக்கை உயர்த்திய வீரலட்சுமி, அது முடியட்டும் என்று மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். தபலாக்காரர் கையைக் காற்றில் நிறுத்தினார். ஆஞ்சப்பன் தன் மிக்ஸரைப் பார்த்தான், கோவிந்தனைப் பார்த்தான், பிறகு எப்போதும் கைவைக்காத அந்த எக்கோ பட்டனைப் பிடித்து மெல்லப் பூஜ்யத்துக்குத் திருகினான். இப்போது ஷெட்டில் அது ஒன்று மட்டும்தான் ஒலித்தது.

காலால் ஒரு அழுத்து. நின்றுவிடும். கோவிந்தனின் கால் சுவிட்சுக்கு மேல் தூக்கியபடி இருந்தது. ரத்தினவேலின் விரல்களும் கீபோர்டின் மேல், தொடாமல். அடுத்த சரணத்தைத் தொடரவா, கிதார் பட்டனை அழுத்தவா, எதற்கு அவை காத்திருந்தன என்று அவர் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. பெண்கள் வரிசையில் பொற்கொடி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரங்களில் குங்குமப் பொட்டோடு நின்ற மெஷின்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொஞ்சம் மழுங்கி, கொஞ்சம் சாய்ந்து, அந்தச் சுரம் மறுபடியும் வந்தது.