கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஸ்கேன் அறையில் எங்களுக்கு ஒரே பதில்தான். யார் எப்படிக் கெஞ்சிக் கேட்டாலும், "டாக்டர் சொல்லுவாங்க." திரையில் எல்லாம் தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. படம் எடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது.

என் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டிருந்தேன். அவர் தச்சர். சில வருடங்களுக்கு முன் அவர் மூளையில் ஒரு ரத்தக்குழாய், சைக்கிள் ட்யூப் போல ஒரு பக்கம் புடைத்து வெடித்தது. மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டுக் காப்பாற்றினார்கள். அதன்பிறகு சோதனைக்கு வரும்போதெல்லாம் நான்தான் படமெடுப்பேன். அவர் எழுந்திருப்பதற்குள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொல்லிவிடுவேன்: "ஒண்ணுமில்ல, கிளம்புங்க."

இன்று சட்டையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றார். திட்டினேன். தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது, வழக்கமான சோதனைதான். தான் முடுக்கிய திருகே இதுவரை கழன்றதில்லையாம், அத்தனை பெரிய டாக்டர் போட்ட கிளிப்புக்கு என்ன வந்துவிடும் என்று கேட்டார். பேச்சுக்குக் குறைச்சலே இல்லை. ஊசி வழியாக மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், அசையக் கூடாது என்றேன். எனக்கேவா பாடம் என்று சிரித்தபடி படுத்தார்.

கிளிப் போட்ட இடத்திலேயே இருந்தது. அதன் அடியில், மிச்சமிருந்த கழுத்திலிருந்து, புதிதாக ஒரு புடைப்பு வளர்ந்திருந்தது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இருந்தது. அந்த இயந்திரத்தை அடித்து நொறுக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

"என்ன டெக்னீஷியன் அம்மா, சத்தத்தையே காணோம்?"

ஒன்றுமில்லை என்றால் நேரே பட்டறைக்குப் போய் மரம் தூக்குவார். உண்மையைச் சொல்லவோ எனக்கு நாக்கு எழவில்லை. மைக்கை அழுத்தினேன்.

"டாக்டர் சொல்லுவாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்திலிருந்து மேசை வெளியே வந்த பிறகும் அப்படியே படுத்திருந்தார். ஊசியைக் கழற்றக் கையை நீட்டினேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடியும் தலையத் திறக்கணுமா?"

தெரியவில்லை என்று தலையசைத்தேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் தாங்காமல் அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் விட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, என் கன்னத்தில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்தார்.

"முகத்தக் கழுவிட்டு வா. வெளிய காத்திருக்கறவங்க உன் முகத்தத்தான் முதல்ல பாப்பாங்க."