மச்சான் காரும் ஒரு துடைப்பமும்

1
இந்தக் கதை மாடியில் துணி காயப்போடும்போது எனக்குக் கிடைத்தது. எட்டிப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். கண் பக்கத்து வீட்டுக் கொல்லைப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: "கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி துடைப்பத்தோடு கொல்லைப்புறம் ஓடினாள், இன்றைக்கு மனுஷனுக்குச் சரியான—"

அந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

2
கடைக்காரருக்குப் பழங்காலப் பந்தயக் கார்கள் என்றால் உயிர். முழங்கை நீளம்தான்; பெட்ரோல் குடிக்கும் குட்டி எஞ்சின். கம்பத்தில் கம்பியால் கட்டிவிட்டால் சுற்றிச் சுற்றிப் பறக்கும். (பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு தடவை சொல்லிவிட்டு அரை மணி நேரம் பாடம் கேட்டேன்.)

அன்று ஓடியது அவருடையது அல்ல, மனைவியின் அண்ணனுடையது. எழுபது வயதுக் கார், அசல் பெயின்ட். "துடைக்கக்கூட வேணாம் மாப்ளே, சும்மா பாத்துக்குங்க" என்று ஒப்படைத்துவிட்டு வெளியூர் போன மச்சான் அன்று மதியம் திரும்புகிறார். காலையில் இவருக்குக் கை அரித்துவிட்டது.

3
ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பத்துக் கொக்கி வளையத் தொடங்கியது. கம்பி விட்டால் கார் மதிலில். மச்சான் உறவும் அதோடு சரி. கொக்கியை இறுக்கிப் பிடித்தபடி இவர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

"ஏய், துடைப்பத்தை எடுத்துட்டு ஓடி வா!"

"எதுக்கு, உங்களை அடிக்கவா?"

"காரு மேல ஒரு குச்சி நீட்டிட்டிருக்கு பாரு, அதைத் தட்டு! பெட்ரோல் நின்னுடும்!"

"ஐயோ, இது எங்க அண்ணன் காராச்சே! அறிவிருக்கா உங்களுக்கு?"

திட்டிக்கொண்டே துடைப்பத்தை நீட்டினாள். இரண்டு முறை தவறியது. (கார் மதிலில் சிதறுவதாகவும் எழுதிப் பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. மனசு வரவில்லை.) மூன்றாவதில் பட்டது. எஞ்சின் இருமி அடங்க, கார் நாலு சுற்று சும்மா உருண்டு நின்றது. ஒரு கீறல் இல்லை. இருவரும் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

4
மச்சான் சீக்கிரமே வந்துவிட்டார். (சர்க்கரை கேட்கிற சாக்கில் நானும் அங்கே.) காரின் மூக்கில் உள்ளங்கையை வைத்தார். சூடு.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு வைத்திருந்தேன். அண்ணன் கத்துவது ஒன்று. "வெயில்ல இருந்துச்சுண்ணா" என்று தங்கை புளுகுவது இன்னொன்று. இரண்டும் வீணாகிவிட்டன. உடைந்துவிடுமோ என்று பயந்து முப்பது வருஷமாக அதை ஒரு முறைகூட ஓட்டாத மனுஷர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எத்தனை சுத்து போச்சு, மாப்ளே?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், அவள் என்னைப் பார்த்தாள். நான் எண்ணவில்லை. நீங்களே ஒரு எண்ணிக்கை சொல்லிவிடுங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள், மச்சான் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.