படம் பிடிக்கும் நாள்

தையற்காரம்மா பொய்க்குப் பழகியவள் இல்லை. ஆனாலும் மூன்று மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய நாய்க்குப் பின்னங்கால் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. நாயின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து மூட்டில் ஊசியாகப் போடும் புதிய சிகிச்சையை ஊரிலிருந்த கால்நடை மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை நாயை நடக்கவிட்டு வீடியோ படம் பிடிப்பார்கள்; அந்த நடையை வைத்துத்தான் பலனைக் கணிப்பார்கள்.

"நல்லா நடக்கலைன்னா லிஸ்ட்லேருந்து தூக்கிருவாங்க," என்று அவள் கணவர் போகிற போக்கில் ஒரு நாள் சொல்லிவைத்தார். மருத்துவமனையில் யாரும் அப்படிச் சொல்லவேயில்லை. ஆனால் அவளுக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. படம் பிடிக்கும் நாளன்று காலையில் மட்டும் பழைய வலி மாத்திரை ஒன்றைத் தீனியில் பொதிந்து கொடுத்தாள். மாதத்தில் ஒரு நாள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டாள். பெரிய கெட்டிக்காரத்தனம்தான்.

இன்று டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெகுநேரம் பார்த்தார். "நடையப் பாத்தா மூட்டு தேறியிருக்கணும். ஆனா முன்னைவிட மோசமா இருக்கு. எனக்கே புரியலம்மா."

அவள் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாத்திரை குடுத்தேன் டாக்டர். நீங்க படம் புடிக்கிற அன்னிக்கு மட்டும்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இவன் நடக்குற படத்தக் காட்டித்தான் வெளிய உக்காந்திருக்கிற பெரியவர சம்மதிக்க வச்சேன்," என்றார் டாக்டரம்மா. "கொழுப்பு எடுக்க இன்னும் அரை மணி நேரத்துல அவர் நாய்க்கு மயக்க மருந்து குடுக்கணும். வயசான நாய். அது தாங்குமான்னே எனக்குப் பயம். ஆனா பலன் இருக்கேன்னுதான் துணிஞ்சேன்."

"நானே போய்ச் சொல்றேன்."

கூடத்தில் பெரியவர் நரைத்த முகத்து நாய் ஒன்றை மடியில் கிடத்தியிருந்தார். அவளோடு வந்த நாயைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இவன்தானேம்மா அந்தப் படத்துல நடந்தவன்?" என்று தன் நாயின் தலையை மெல்லத் திருப்பிக் காட்டினார். "பாத்துக்கடா ராசா. நீயும் இப்படி நடக்கப்போற."

தையற்காரம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன நடக்க வச்சது ஊசி இல்லீங்கய்யா," என்றாள். "நான்தான்."