துண்டு குலைத்த இடம்

பார்வதத்துக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஏழு வரை வர வேண்டும். ஆனால் ஆறு இருபதுக்கு, யாரோ கழுத்தை நெரித்த மாதிரி, தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றுவிடும். அதே ஆறு இருபதுக்கு அவளுடைய நாய் துண்டு, பக்கத்து வீட்டு மதில் ஓரமாகப் போய் வெறும் தரையைப் பார்த்துக் குலைக்க ஆரம்பிக்கும். அங்கே எலி வளை கிடையாது. பூனை கிடையாது. ஒரு புல்கூட முளைக்காத இடம். ஏழு மணிக்கு இரண்டும் சேர்ந்தாற்போல் முடியும். நாய் வாயை மூடும். குழாய் இரண்டு தரம் இருமி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு ஓயும். தண்ணீர் முறை இல்லாத நாளில் நாயும் குலைப்பதில்லை.

குழாய் இருப்பது வாசலில். நாய் குலைப்பது இருபதடி தள்ளி. ஒன்றுக்கொன்று என்ன உறவு?

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை அது. அம்பத்தூரில் அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் குழாய். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். காரணம் எளிது. தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீருக்கு மேலே ஏறத் தெம்பில்லை. அது ஏறி வராவிட்டால் நாம்தான் இறங்கிப் போக வேண்டும். ஓர் அடி இறக்கினால் அரைக் குடம் கூடுதலாக வரும். அப்படி இறக்கி இறக்கித்தான் எல்லார் வாசலும் குழியானது.

குழாய்கள் மட்டும் புத்தம்புதுசு. பக்கத்து வீட்டுத் திருவேங்கடம் பொங்கலுக்குத் தன் கைக்காசில், தன் வீடு போக மற்றப் பதினோரு வீட்டுக்கும் பித்தளைக் குழாயும் நல்ல ரப்பர் வாஷரும் போட்டுக் கொடுத்திருந்தார். தன் வீட்டிலேயே ஆறு குடித்தனம் வாடகைக்கு விட்டிருக்கும் பெரிய மனிதர். “தண்ணி நின்னதும் இறுக்கி மூடிடுங்கம்மா. ஒரு சொட்டு வீணாவக் கூடாது” என்று வீடு வீடாகச் சொன்னார். தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. பார்வதமும் கும்பிட்டாள்.

அவள் ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவர் இல்லை, மகளைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டிலும் ஒரு தையல் மிஷின். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கி வந்த வெட்டுத்துணி மூட்டைக்குள் கண் திறக்காத ஒரு குட்டி கிடந்தது. துண்டுத் துணியோடு வந்ததால் அதன் பெயரும் துண்டு.

முதல் வருஷம் அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமா? மூன்று ஜோடிச் செருப்பைத் தின்றது. ஜாக்கெட் கொக்கி அட்டையைத் தின்று இரண்டு நாள் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. சொறி வந்தபோது கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசப் பூச, அவள் புடவையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. ஆனால் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது தெருமுனையில் உட்கார்ந்திருக்கும். அவள் வரும் பஸ் இன்னும் கண்ணுக்கே தெரியாதபோது எழுந்து நிற்கும். எத்தனையோ பஸ் போகும் சாலையில் அவள் பஸ்ஸின் இஞ்சின் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் காது அதற்கு. வீட்டில் அவளிடம் பேச வேறு யாருமில்லை. அதனிடம் எல்லாம் பேசினாள்.

சித்திரையில் துண்டு குலைப்பதோடு நிற்காமல் தோண்டவும் ஆரம்பித்தது. மதிலடியில் ஒரு சாண் பள்ளம் விழுந்தது. திருவேங்கடம் மதிலுக்கு மேல் தலை நீட்டினார்.

“இன்னா பார்வதம், நாய வளக்கறியா, பன்னிய வளக்கறியா? செவுரு சாஞ்சிடப்போவுது.”

“வாயில்லாத ஜீவன் அண்ணே. எத்தயோ மோப்பம் புடிக்குது.”

“கட்டிப் போடு. இல்லாங்காட்டி நான் கட்டிடுவேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் துண்டு வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டியின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய் முடிவதற்குள் மடியில் இருந்த கனம் மாறிவிட்டது. உயிரோடு இருக்கும் நாய் தன் எடையில் கொஞ்சத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். செத்த நாய் முழு எடையையும் கொடுத்துவிடும். அந்த வித்தியாசம் அவள் தொடைக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு நாகம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்ததைச் சொன்னாள். “கறிக்கொழம்புல தோச்ச பன்னுக்கா. அந்தாளு தான் செவுத்து மேல கைய நீட்டிப் போட்டான். நாய்க்கு ஆசையாப் போடறான்னு நெனச்சேன். என் கண்ணு அவிஞ்சி போவ.”

பார்வதம் அழவில்லை. துண்டு தோண்டிய பள்ளத்தையே இன்னும் இரண்டு முழம் நீட்டி அதில் புதைத்தாள். பிறகு திருவேங்கடத்தின் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கலாமா என்று நாகம்மாவிடம் கேட்டாள்.

“மனுசன் செத்தாலே பத்து தபா நடக்கணும். நாய்க்கு யாரு வருவா?”

இரண்டு நாள் கழித்து, திருவேங்கடத்தின் மனைவி சொர்ணம் ஜாக்கெட் துணி கொண்டுவந்தாள். பார்வதம் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். கை வளைவில் இரண்டு பக்கமும் கால் அங்குலம் குறைத்து வெட்டினாள். கை வளைவு என்பது ரொம்ப நுட்பமான இடம். அங்கே கால் அங்குலம் போனால் ஜாக்கெட் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சொர்ணம் ஏதாவது கல்யாணத்தில் அட்சதை போடக் கை தூக்கும்போது தையல் பிரியும். அதை நினைத்து ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். மறுநாள் பிரித்து, ஒட்டு வைத்துச் சரியாகத் தைத்தாள். பன்னைப் போட்டது சொர்ணத்தின் கை இல்லையே. அவளுக்கு வேண்டியது வேறு கை.

அடுத்த தண்ணீர் நாள் வந்தது. ஆறு இருபதுக்குத் தண்ணீர் நின்றது. யாருக்கு வேண்டும் இந்தத் தண்ணீர் என்று குழாயை மூடாமலே எழுந்து, போய்ப் புதைத்த இடத்தில் உட்கார்ந்தாள். குலைப்பு இல்லாத காலை எப்படியோ இருந்தது. மண்ணின் மேல் கையை வைத்தாள்.

மண் நடுங்கியது.

முதலில் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். குனிந்து காதை மண்ணில் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம், பூமிக்குள்ளே, வண்டு போல ஒரு ரீங்காரம். மனிதக் காதுக்கு மண்ணில் ஒட்டினால்தான் கேட்கும். அரை மைலுக்கு அப்பால் பஸ்ஸைப் பிரித்தறியும் காதுக்கு நின்ற இடத்திலேயே கேட்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடப்பாக் கல், அதன் மேல் நாலு குரோட்டன்ஸ் தொட்டி. அந்தத் தொட்டிகளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றி அவள் பார்த்ததில்லை.

அப்போது வாசலில் இருந்து இன்னொரு சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ் என்று. பாம்பா என்று ஓடினாள். பாம்பு இல்லை. திறந்துகிடந்த குழாய் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன் வாயில் வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால்தான் வந்தது.

பக்கத்து வீட்டில் சொர்ணத்தின் குரல் கிளம்பியது. “இன்னாங்க, தண்ணித் தொட்டில ஒண்ணும் வுழல! புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து தான் வருது!”

“கத்தாதடி!”

“சுவிச்சுப் பொட்டி சாவியக் குடுத்துட்டு நடக்கப் போன்னா குடுக்க மாட்டேன்ற. நான் எப்டி நிறுத்தறது?”

“சாவி என் அரணாக் கவுத்துல தான் கீது. நீ வாய மூடு.”

குழாய் இன்னும் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. திருவேங்கடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். வீடு வீடாகக் குனிந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் இவள் வாசலில் நின்றார்.

“இன்னா பார்வதம், குழாய மூடாம வச்சிகீற? தண்ணி வீணாப் போவுதில்ல?”

“தண்ணியே வரலையே அண்ணே. இன்னா வீணாவும்?”

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு, “ஒரு பழக்கத்துக்குச் சொன்னேன்” என்றார்.

“சரிண்ணே” என்று இறங்கி மூடினாள். நன்றாக இறுக்கி மூடினாள். அவர் நிம்மதியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டு சத்தம் போட்டதற்காகச் சாகவில்லை. தெருத் தண்ணீரைத் திருடும் மோட்டார் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததற்காகச் செத்தது. அவளுக்கு இப்போது வேண்டியது அந்த மோட்டாரின் உயிர்.

சாயங்காலம் பஸ்ஸில் அம்பத்தூரைத் தாண்டிப் போய்ப் பாடியில் இறங்கினாள். லாரிகள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் ஜாபர் அலியின் கடை. அவர் சட்டை எல்லாம் அவள் தைத்ததுதான்.

“பாய், தண்ணி மோட்டாரு காத்த இழுத்தா இன்னா ஆவும்?”

ஜாபர் அலிக்கு இந்த மாதிரிக் கேள்வி பிடிக்கும். டீ கிளாஸைக் கீழே வைத்தார். “மோட்டாரு தண்ணிய இழுக்குதுன்னு நெனைக்கிறாங்க, அது தப்புக்கா. உள்ள ஒரு சக்கரம் சுத்துது. வயித்துல கீற தண்ணிய வெளிய எறியுது. எறிஞ்ச எடம் காலியாவுதா, அங்க பின்னாடி கீற தண்ணி ஓடியாருது. அவ்ளோ தான். ஆனா காத்த எறிய அதுக்குத் தெரியாது. காத்து லேசு, சக்கரத்துல மாட்டாது. சும்மா சுத்தும்.”

“சும்மா சுத்துனா?”

“தண்டுகிட்ட ஒரு சீல் கீது. அதுக்குச் சூடு ஆத்தறதே தண்ணி தான். தண்ணி இல்லன்னா அது கருகும். அப்பால தண்டு புடிச்சிக்கும். புடிச்சும் கரண்டு போய்கினே கீதுன்னா காயிலு பொகையும். அர மணி நேரம் போதும்.”

“ஆளு பக்கத்துல இருந்தா நிறுத்திடுவான் இல்ல?”

“இருந்தா நிறுத்துவான்.” ஜாபர் அலி அவளை உற்றுப் பார்த்தார். “அக்கா, கொலகாரி மாதிரி சிரிக்கிறீங்களே. யாரு ஊட்டு மோட்டாரு?”

“பொகஞ்ச அப்பால உன்கிட்ட தான வரும். பாத்துக்க.”

ஒரு குழாய் போதாது என்பது அவளுக்குப் புரிந்தது. ஒன்றைத் திறந்தால் மோட்டார் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் தண்ணீருமாகக் குடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். எல்லா வாயும் திறந்திருக்க வேண்டும். பெண்களிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த தண்ணீர் நாளில் தண்ணீர் நின்றதும், திருவேங்கடம் கைத்தடியோடு ஏரிப் பக்கம் நடக்கப் போன பிறகு, ஒவ்வொரு வீட்டுப் பள்ளத்துக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிப் போனாள். மூடிய குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, “கைய வையி” என்றாள்.

“அய்யே, ஒட்டிக்குதுக்கா!”

“உன் தண்ணிய எவனோ உறிஞ்சறான். அவன் கொடுத்த குழாயி இது. வாஷர் எதுக்குப் போட்டான்னு இப்போ தெரிதா? காத்து பூராம இருக்கத்தான்.”

நாகம்மாவுக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. “நாம தண்ணி நின்னதும் மூடி மூடி அவனுக்கு வேல செஞ்சிகினு இருந்தமா? நாலு மாசமா? இப்பவே போய் அவன் ஊட்டுத் தொட்டிய ஒடைக்கறேன்.”

“ஒடைக்காத. சொல்லவும் சொல்லாத. நாளன்னிக்கு அந்தாளு தெரு திரும்பினதும் என் ஊட்டு வாசல்ல நிப்பேன். நான் முந்தானைய ஒதறுனா எல்லாரும் தொறங்க.”

குறித்த நாள், ஆறு இருபது. தண்ணீர் நின்றது. கைத்தடி தெருமுனை திரும்பியது. பார்வதம் முந்தானையை உதறினாள். பதினோரு பள்ளத்தில் பதினோரு பெண்கள் குனிந்தார்கள். பதினோரு குழாயும் மூச்சு இழுக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவள் துண்டைப் புதைத்த இடத்தில் போய் உட்கார்ந்து காதை வைத்தாள். ரீங்காரம் மெலிந்து, கீச்சென்று உயர்ந்தது. கால் மணி நேரத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் வந்தது. பிறகு ஓர் உறுமல், நகர முடியாமல் மாட்டிக்கொண்டவன் உறுமுவது போல. கடப்பாக் கல்லின் இடுக்கில் இருந்து மெல்லிய புகை எழுந்து குரோட்டன்ஸ் இலைகளுக்குள் நுழைந்தது. சொர்ணம் அலறினாள். சாவி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தது.

ஃபியூஸ் வெடித்தது. வாசலில் பதினோரு குழாயிலும் தண்ணீர் கொட்டியது.

மோட்டார் ஜாபர் அலியிடம் போய்க் காயில் கட்டி வந்தது. பத்தே நாளில் அதேபோல மறுபடி புகைந்தது. இரண்டாம் முறை திருவேங்கடம் மதிலுக்கு மேல் தலை நீட்டவில்லை. நேராக வாசலுக்கே வந்தார். முகம் வேர்த்திருந்தது.

“நீ தான பார்வதம்? நீ தான பண்ண?”

“இன்னா பண்ணேன் அண்ணே? சத்தமாச் சொல்லு. தெரு கேக்கட்டும்.”

“என் மோட்டா...”

“இன்னா மோட்டாரு? உன் ஊட்ல கெணறும் இல்ல, போரும் இல்ல. மோட்டாரு எதுக்கு?”

எதிர்வாசலில் நாகம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். அதற்கடுத்த வாசலிலும் ஒரு தலை தெரிந்தது. திருவேங்கடம் சுற்றிலும் பார்த்தார். நாய் செத்த அன்று அவளுக்குப் போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை. இன்று அவருக்கும் இல்லை. அதைக் கண்ணாரப் பார்ப்பதற்காகவே அவள் படியில் நின்றாள். கதவைச் சாத்த அவசரப்படவில்லை.

“பன்னு எந்தக் கடையில வாங்குன அண்ணே?” என்று கேட்டாள்.

அவர் திரும்பி நடந்தார். மோட்டார் மறுபடி காயில் கட்டப் போகவில்லை. அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி காய்ந்ததும், ஆறு குடித்தனக்காரர்களும் குடத்தோடு தெருவில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் குடத்தோடு, திருவேங்கடம் நின்றார்.

தெரு அன்று முதல் செய்வது இதுதான்: ஏழு மணிக்கு முன்னால் தண்ணீர் நின்றால் குழாயை மூடுவதில்லை, எல்லா வீட்டிலும் முழுக்கத் திறந்து விடுகிறார்கள். எங்கேயாவது ஒரு மோட்டார் உறிஞ்சினால் அது காற்றைத்தான் குடிக்கும். அது நின்றதும் தண்ணீர் திரும்ப வரும்.