இடைவெளியில் ஒரு சீப்பு

வாடகை நூலகக்காரர் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துப்பறியும் கதைகளுக்கு நடுவே ஒரு சீப்பு நின்றது. எடுத்து, மேசைக்கு அடியில் இருந்த துணிப்பையில் போட்டார். அதில் ஏற்கெனவே சாவிகள், மடக்குக் குடை, ஒற்றைக் கையுறை, மூக்குக்கண்ணாடிக் கூடுகள். தன் வாடிக்கையாளர்கள் மறதி மன்னர்கள் என்பது அவர் தீர்மானம்.

அன்று மாலை நகரமன்றக் கூட்டம். அடுத்த தெருவிலுள்ள இலவசக் கிளை நூலகத்தைத் தனியாருக்கு விடப்போகிறார்கள். டெண்டர் கேட்டிருப்பவர் இவர் ஒருவர்தான். அங்கே மாதச் சந்தா வைத்தால் தத்தளிக்கும் தன் கடையும் சேர்ந்து கரையேறிவிடும். ஒரே சிக்கல், அங்கே நூலகராக இருப்பது அவர் மனைவி.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவள் வந்தாள்.

"முதலாளி ஐயா, நாளையிலேர்ந்து உங்களைப் பார்த்தா எழுந்து நிக்கணுமா?"

"கிண்டல் பண்ணாத. வெளியாள் எடுத்தா முதல்ல உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவான்."

"என் வேலையை விடுங்க. தரையில உட்கார்ந்து படிக்கிற பிள்ளைங்க சந்தாவுக்கு எங்க போவாங்க?"

"சும்மா கிடைக்கறதுக்கு மதிப்பில்ல. என் கடையில ஒரு புத்தகமாவது மடங்கியிருக்கா? காசு கொடுத்தவன் பத்திரமா வச்சுக்கறான்."

அவள் காலில் இடித்த பையைக் குனிந்து பார்த்தாள். "இதெல்லாம் ஏது?"

"புத்தகங்களுக்கு நடுவுல கிடந்தது. மறதிக் கூட்டம்."

அவள் சிரித்தேவிட்டாள். "மறதி இல்லங்க. இது என் நூலகத்துல படிச்சு வளர்ந்த பிள்ளைங்க வேலை."

சிறுவர் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவள் அளவுகோல் போலத் தட்டையான ஒரு மரப்பட்டை கொடுப்பாள். புத்தகத்தை உருவியதும் அந்த இடைவெளியில் பட்டையைச் செருக வேண்டும். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம்.

"இங்க பட்டை இல்ல. கையில இருக்கறதை வைக்கறாங்க. புத்தகம் பிடிச்சுப்போச்சுன்னா வச்சதை மறந்துட்டுப் போயிடறாங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் அன்று பிற்பகல் முழுக்க அலமாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செவிலி நாவலை உருவினாள். அந்த இடத்தில் பேனாவைச் செருகினாள். பிறகு வந்த டாக்சி ஓட்டுநர் வண்டிச் சாவியை வைத்தார்.

"ஏன் சாவியை அங்க வைக்கறீங்க?"

ஓட்டுநர் விழித்தார். "எல்லாரும் அப்படித்தானே வைப்பாங்க? உங்க வீட்டம்மாதானே கத்துக்கொடுத்தாங்க, சின்ன வயசுல. அப்ப மட்டும் காசு கேட்டிருந்தா, எங்கப்பா என்னை வாசலோட இழுத்துக்கிட்டுப் போயிருப்பார்."

கூட்டத்துக்குப் போனபோது அவர் கையில் டெண்டர் தாளோடு அந்தப் பையும் இருந்தது.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் தனியார்மயத்தைப் புகழ்ந்து நெடுநேரம் பேசி அமர்ந்தார். நூலகக்காரர் எழுந்து பையை மேசையில் கவிழ்த்தார்.

"இதெல்லாம் என் வாடிக்கையாளர்கள் அலமாரியில விட்டுட்டுப் போனது," என்று பட்டை விஷயத்தைச் சொன்னார். "நான் வியாபாரி, வியாபாரியாவே பேசறேன். இவங்கள்ல ஒருத்தரைக்கூட நான் உருவாக்கல. அந்த நூலகம் காசு வாங்காம வளர்த்து என்கிட்ட அனுப்பியிருக்கு. அங்க சந்தா வச்சா, இன்னும் கொஞ்ச வருஷத்துல நான் கடையில ஈ ஓட்டணும். எனக்கு டெண்டர் வேண்டாம்."

"அப்ப தனியார் நூலகமே கூடாதுங்கறீங்களா?" என்று நகரமன்றத் தலைவி கேட்டார்.

"ஐயையோ, என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்க! புதுசு புதுசா நாவல் வேணும்னா என் கடைக்குத்தான் வரணும். படிக்கப் பழகற இடம் மட்டும் கடையா இருக்கக்கூடாது."

ஜவுளிக்கடைக்காரர் மெல்ல எழுந்து மேசையருகே வந்தார்.

"அந்தப் பச்சைக் கண்ணாடிக் கூடு... என்னுது. இதுக்காக வீட்ல எல்லாரையும் திட்டித் தீர்த்துட்டேன்."

அரங்கமே சிரித்தது. அவர் கூட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். வாக்கெடுப்பில் அவர் கை தனியாருக்கு விடுவதற்கு எதிராக உயர்ந்தது. நூலகம் இன்னும் ஓராண்டுக்கு இலவசமாகவே நடக்கும், பிறகு மீண்டும் பார்க்கலாம் என்று முடிவானது.

வீட்டுக்கு நடக்கும்போது, கூட்டத்துக்கு வந்திருந்த மனைவி கேட்டாள்: "டெண்டரும் போச்சு. கடைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"முதல்ல கொஞ்சம் மரப்பட்டை செய்யணும். என்கிட்ட வந்து சாவியை விட்டுட்டு யாரும் நடுத்தெருவுல நிக்கக்கூடாது."

"எங்ககிட்ட பழசு ஒரு கட்டு இருக்கே."

"கொடேன்."

"தரேன்," என்றாள். "வாடகைக்கு."