நான்கு நாள் நிம்மதி

கப்பல் கரையை விட்டு முழுசாக நகரக்கூட இல்லை, அதற்குள் பதட்டத்தின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டார்கள்.

பதட்டம் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி இப்போது அம்மாவும் அக்காவும்தான் போனில் கூப்பிடுகிறார்கள். பிழைக்க வந்த நாட்டில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் போதும். தன் வேலை போய், பெட்டியோடு வீட்டு வாசலில் நின்று, அக்காவின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுவரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவான்.

அப்படிப்பட்டவனிடம் கம்பெனி டாக்டர் சொன்னார்: "மேல் அளவு நூத்தி அறுபத்தி நாலு இருக்கு. இருபத்தாறு வயசுக்கு இது ரொம்ப அதிகம். நூத்தி நாப்பதுக்குக் கீழ வராம தகுதிச் சீட்டுல நான் கையெழுத்துப் போட முடியாது. பத்து நாள் தர்றேன். எதையும் யோசிக்காம நிம்மதியா இருங்க."

கையெழுத்து இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த நாட்டிலேயே இருக்க முடியாது. எதையும் யோசிக்காமல் இருக்க இதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்?

கூட இருக்கும் இரண்டு பேரும் உடனே களத்தில் இறங்கினார்கள். ஒருவன் ஓட்டலில் ஷிப்ட் சார்ட் எழுதுகிறவன், பெயர் அட்டவணை. மற்றவன் சமையல் கட்டில் இருக்கிறவன், பெயர் கரண்டி. மூன்று பேரும் லீவு போட்டு, நான்கு நாள் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்தார்கள்.

"நூத்தி அறுபத்தாறு," என்று கரண்டி மெஷினைப் படித்தான். "டாக்டர்கிட்ட இருந்ததவிட ரெண்டு ஏறிடுச்சுடா."

"படிக்கட்டு ஏறுன களைப்பு," என்றான் அட்டவணை, தாளை விரித்தபடி. "நாளைக்குக் காலைல நூத்தி அம்பதுக்கு எறங்கணும். திட்டத்துல அப்படித்தான் போட்டிருக்கேன்."

"எறங்கலன்னா?"

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம் சேத்து ஓய்வெடுக்க வைப்பேன். ஓவர்டைம்."

தாளில் எல்லாம் இருந்தது. ஆறு மணி, சூரிய உதயம், ரசிக்கவும். ஏழிலிருந்து ஏழேகால், கடல் காற்று. பத்து மணி, நீச்சல் குளத்தில் கால் நனைத்தல். மூன்றிலிருந்து நான்கு, சும்மா இருத்தல். சும்மா இருத்தலுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் அவனைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

"கண்ண மூடு," என்றான் அட்டவணை.

"மூடிட்டேன்."

"இமை துடிக்குது. அதெல்லாம் மூடுற கணக்குல வராது."

"டேய், நீங்க ரெண்டு பேரும் கடலப் பாருங்களேன்டா."

"கடல் எங்கயும் ஓடிடாது," என்றான் கரண்டி. "நீ இந்த உப்பில்லாத சூப்பக் குடி."

போதாக்குறைக்கு, ஒவ்வொரு அளவையும் கரண்டி பதட்டத்தின் குடும்ப குரூப்பில் போட்டுவந்தான். அம்மாவின் குரல் பதிவு வந்தது. "கண்ணு, நீ நிம்மதியா இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. நீ எப்படி இருக்கியோன்னு நெனச்சு எனக்குத்தான் நெஞ்சு படபடங்குது, சோறு எறங்கல. அத நெனச்சு நீ கவலப்படாத." அடுத்தது அக்கா. "தம்பி, கப்பல்ல கைப்பிடிக் கம்பியப் புடிக்காத, ஈரமா இருக்கும், வழுக்கும். புடிக்காமயும் நடக்காத."

அன்று மாலை நூற்று எழுபத்தொன்று.

இரண்டாம் நாள் நீராவிக் குளியல். வெந்து வெளியே வந்தவனுக்கு நூற்று எழுபத்தி நாலு. மூன்றாம் நாள் கூட்டாளிகளுக்குள்ளேயே மூண்டுவிட்டது.

"உன் சூப்பாலதான் இவ்வளவும். நாக்குக்கு ருசி இல்லாதவனுக்கு நிம்மதி எங்கருந்து வரும்?"

"உன் தாளத் தூக்கிக் கடல்ல போடு, தானா எறங்கும். மனுசன் கொட்டாவி விடக்கூட நேரம் குறிச்சு வச்சிருக்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஆனால் இந்தக் குரங்கைத்தான் இன்னும் மூன்று நாளில் டாக்டர் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

கடைசி நாள் மூன்று மணி. சும்மா இருக்க வேண்டிய நேரம். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவிய பதட்டம், அறைகள் இருக்கும் தாழ்வாரத்தில் நடந்தான். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே அறை சுத்தம் செய்கிற பெரியவர் ஒருவர், தமிழில் முனகியபடி இரட்டைக் கட்டில் விரிப்போடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்த முனையைச் செருகினால் அந்த முனை பிதுங்கியது.

பதட்டத்தின் கை அரித்தது.

"அண்ணே, கால் பக்கத்த மொதல்ல செருகுங்க. அப்புறம் தல பக்கம் தானா வந்து உக்காரும்."

"நீங்க விருந்தாளி சார். மேல போய்ப் படுங்க."

"படுத்துப் படுத்துத்தான்ணே இந்த நெலமைக்கு வந்திருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கூட வேல பாக்குறவனுக்குக் கடல் ஒத்துக்கல, வாளியோட படுத்துக் கெடக்கான். இன்னும் பதினோரு ரூம் இருக்கு. சூப்பர்வைசர் உங்களப் பாத்தா என்னத் தொலைச்சுடுவாரு."

"கதவச் சாத்திக்கலாம்ணே."

ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறல், விரிப்பு காற்றில் உப்பி மெதுவாகக் கட்டிலில் இறங்கியது. கால் பக்கம், தலைப் பக்கம், உள்ளங்கையால் ஒரு நீவல். அடுத்த அறை. பேச்சே இல்லை. மூன்றாவது அறைக்குப் பிறகு தகுதிச் சீட்டு நினைவில்லை. ஏழாவதில் அக்காவின் மாமியாரும் இல்லை. பத்தாவது அறையில் அவன் சீட்டியடிப்பதைக் கேட்டுப் பெரியவர் சிரித்தார்.

பதினோராவது அறை வாசலில் கூட்டாளிகள் பிடித்துவிட்டார்கள்.

"அடப்பாவி," என்றான் அட்டவணை. "ஓய்வு நேரத்துல திருட்டுத்தனமா வேலயா பாக்குற? ஒரு மணி நேரமா கப்பல் பூராத் தேடுறோம்."

கரண்டி பதட்டத்தின் கையில் பட்டையைச் சுற்றினான். மெஷின் உறுமி அடங்கியது. நூற்று இருபத்தி நாலு.

"மெஷின் ரிப்பேர்," என்றான் அட்டவணை. மறுபடி அழுத்தினார்கள். நூற்று இருபத்திரண்டு. "சந்தேகமே இல்ல, ரிப்பேர்."

"உன் கையக் குடு, பாத்துடலாம்," என்று கரண்டி அவன் கையில் சுற்றினான். நூற்று எழுபத்தி மூன்று.

அட்டவணை தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்காரப் போனான்.

"சார், இப்பத்தான் போட்டோம்," என்றார் பெரியவர். அவன் நின்றுகொண்டான்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அறை. வெளி பெஞ்சில் காத்திருந்த அரைமணி நேரத்தில் பதட்டம் மூன்று முறை நாடு கடத்தப்பட்டிருந்தான். காது மடலில் நாடி துடித்தது. உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் உட்காரச் சொன்னார் டாக்டர். கட்டிலின் விரிப்பு ஒருபக்கமாகச் சரிந்து, முனை தரையில் புரண்டது.

"டாக்டர், ஒரே ஒரு நிமிஷம்."

கால் பக்கத்தைச் செருகினான். தலைப் பக்கத்தை இழுத்தான். நான்கு முனையும் கத்தி போல வந்ததும் ஒருதடவை நீவினான். அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவையும் நீவினான். மூச்சு தானாகச் சீரானது. உட்கார்ந்து கையை நீட்டினான்.

"நூத்தி இருபத்தாறு," என்று டாக்டர் சீட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "பாத்தீங்களா, நாலு நாள் ஒரு வேலையும் செய்யாம இருந்த பலன. வருஷா வருஷம் இப்படி ஒரு தடவ போயிட்டு வாங்க."

"சரிங்க டாக்டர்," என்றான் பதட்டம், தரையைப் பார்த்தபடி.

வெளியே வந்ததும் அம்மாவுக்குச் சொன்னான். பதில் குரல் உடனே வந்தது.

"நூத்தி இருபத்தாறா? நூத்தி எழுபத்தி நாலுலருந்தா? இவ்வளவு கொறஞ்சா உடம்பு தாங்குமா கண்ணு? அந்தக் கப்பல்ல சோறு தண்ணி குடுத்தாங்களா இல்லையா?"

காது மடலில் மறுபடி துடிக்க ஆரம்பித்தது. அவன் சீட்டை எடுத்துப் பார்த்தான். நல்லவேளை, கையெழுத்து காய்ந்திருந்தது.